ஒலிபெருக்கிக்காரர் கேதீசும் வீட்டுக்கொரு சோடாவும்

புத்தூர்ப் பக்கம் ஏதாவது கோயில் திருவிழாவிலோ விளையாட்டுப் போட்டியிலோ நீங்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருந்தால், அதற்குக் காரணம் என் வீட்டுக்காரர் கேதீஸ்வரன்தான். மரத்தில் கட்டுகிற ஒலிபெருக்கிக் குழாய்கள், ஆளுயரப் பெட்டிகள், அவற்றை ஏற்றி இறக்க லாண்ட்மாஸ்டர் என்கிற ஒரு கை உழவு இயந்திரம் எல்லாம் இவரிடம் இருக்கின்றன. இவ்வளவையும் வைத்துக்கொண்டிருக்கிற மனிதரின் சொந்தக் குரல், விறாந்தையிலிருந்து குசினிக்குக் கேட்காது. "என்னப்பா சொல்லுறியள்?" என்று நான் கேட்டால் "ஒண்டுமில்லை" என்பார். அந்த "ஒண்டுமில்லை"யும் கேட்காது.

மைக்கில் இவர் வாழ்நாளில் பேசியது ஒரே ஒரு வசனம். "ஹலோ, மைக் ரெஸ்ரிங், வண், ரூ, த்றீ." த்றீக்குப் பிறகு இவருக்கு உலகத்துக்குச் சொல்ல எதுவும் இல்லை. ஒருமுறை ஒரு கலியாண வீட்டில் அறிவிப்பாளர் வரப் பிந்திவிட்டார். "மாப்பிளை வாறார் எண்டு நீயே சொல்லு" என்று இவர் கையில் மைக்கைத் திணித்தார்கள். இவர் நாதஸ்வரத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு, மைக்கோடு மாமரத்துக்குப் பின்னால் போய் நின்றார்.

நான் அப்படியில்லை. என் பெயர் சிவகௌரி. அச்சுவேலிச் சந்தைக்குக் கிட்டத் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்கு மைக் தேவையில்லை என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். கடையில் நிறை குறைந்தால் கத்துவேன். பஸ்ஸில் மிச்சம் தராவிட்டால் கத்துவேன். கத்தினால் காரியம் நடப்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆகவே இவரைப் பற்றி எழுதுகிற இந்தக் கதையின் முடிவில், மெல்லப் பேசுவதுதான் சரி என்று நான் ஒத்துக்கொள்வேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் கலியாணமே சண்டையில்தான் தொடங்கியது. என் அண்ணையின் கலியாணத்துக்கு மைக் கட்ட வந்தவர், ஒரு குழாயை என் அறை யன்னலுக்கு நேரே கட்டிவிட்டார். நான் வெளியே வந்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். முழுவதையும் நின்று கேட்டார். பிறகு மரத்தில் ஏறிக் குழாயைத் திருப்பிவிட்டு, "இப்ப சரியோ?" என்றார். கொஞ்ச நாளில் பெண் கேட்டு ஆள் வந்தது. ஏன் என்னைக் கேட்டீர்கள் என்று பிறகு விசாரித்தேன். "அவ்வளவு நேரம் ஆரும் என்னோடை கதைச்சதில்லை" என்றார்.

இனிச் சோடாவுக்கு வருகிறேன். எங்கள் வீட்டுப் பிரிட்ஜில் எப்போதும் நாலைந்து சோடாப் போத்தல் கிடக்கும். நாங்கள் குடிக்கிறதற்கு இல்லை. ஊரில் தங்களை உயர்ந்த சாதி என்று சொல்லிக்கொள்கிறவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் கொடுக்கிறதற்கு. அவர்கள் பார்வையில் நாங்கள் குறைந்த சாதி. எங்கள் அடுப்பில் கொதித்த தேத்தண்ணி அவர்களுக்குத் தொண்டையில் இறங்காது. எங்கள் குடத்துத் தண்ணீரும் இறங்காது. சோடா இறங்கும். அது எங்கேயோ தொழிற்சாலையில் அடைத்து மூடி போட்டு வந்தது அல்லவா? அவர்கள் கண்ணுக்கு முன்னால் நாங்கள் மூடியைத் திறக்க வேண்டும், 'டிஸ்' என்று சத்தம் கேட்க வேண்டும். குடித்துவிட்டு "அப்ப வாறம்" என்று எழும்பிவிடுவார்கள்.

என் அப்பா வீட்டில் சோடாத் திறப்பான் கதவு நிலையில் கயிறு கட்டித் தொங்கியது. சோடா என்றால் பெரிய மரியாதை என்றுதான் சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். விசயம் விளங்கிய அன்றைக்குத் திறப்பானைக் கழற்றிக் கிணற்றுக்குள் எறிந்தேன். அப்பா பாதாளக்கரண்டி விட்டு அதைத் தேடி எடுத்து, திரும்பவும் அதே இடத்தில் கட்டினார்.

இதில் யாரும் சாதி என்ற சொல்லை வாயால் சொல்வதில்லை. "இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்பார்கள். "இண்டைக்கு விரதம்" என்பார்கள். "வயிறு சரியில்லை" என்பார்கள். போரில் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் கிடந்த காலத்தில் எல்லாரும் ஒரே வாளியில் ஒரே கோப்பையால் குடித்தோம். அப்போது ஒருவருக்கும் வயிறு கெடவில்லை. ஊருக்குத் திரும்பி வீட்டுக்கு ஓடு போட்டதும் வயிறு கெடத் தொடங்கிவிட்டது.

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் தலைவர் நடராசா அண்ணையும் ஒரு சோடாக்காரர்தான். வெங்காயமும் புகையிலையும் செய்கிற தோட்டக்காரர். நல்ல மனிதர் என்று சொல்லவேண்டி இருப்பதுதான் என் கரைச்சல். வெள்ளம் வந்தால் எங்கள் வீடுகள் இருக்கிற ஒழுங்கைக்கு முதலில் வருகிறவர் அவர். எங்கள் பக்கத்துக்குக் குழாய்த் தண்ணீர் வர அலைந்தவரும் அவர். வந்து விறாந்தைக் கதிரையில் இருந்து எல்லாருடைய சுகமும் கேட்டு, சோடாவைக் குடித்துவிட்டுப் போவார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் என் வேலை சுகமாகப் போயிருக்கும்.

எங்களுக்கு ஒரே மகள், சுபாஜினி. சமையல் படித்து, கொழும்பில் பெரிய ஹோட்டல் ஒன்றில் வேலை செய்தாள். அங்கே இருந்த காலம் முழுவதும் மத்தியானத்தில் என் கை தன்பாட்டில் அவளுக்கும் ஒரு சாப்பாட்டுக் கோப்பை எடுத்து வைக்கும், பிறகு நானே திருப்பி அடுக்குவேன். போன வருசம் அந்த வேலையை விட்டுவிட்டு வந்து, எங்கள் வளவின் பின்பக்கம் ஒரு சமையல் கூடம் போட்டாள். யாழ்ப்பாண ரவுணிலிருந்து பிறந்தநாளுக்கும் அலுவலகச் சாப்பாட்டுக்கும் ஓடர் வந்தது. ஊருக்குள்ளிருந்து ஒன்றும் வரவில்லை. ரவுண் ஆட்களும் "உங்கடை ஊர்ப் பெரிய விழாவுக்கு ஆர் சமைக்கிறது?" என்றுதான் கேட்டார்கள். இதற்குள் கட்டாரில் ஒரு ஹோட்டல் அவளைக் கூப்பிட்டது. பங்குனி முடிய முதல் பதில் சொல்ல வேண்டும்.

"அம்மா, சித்திரை விளையாட்டு விழாச் சாப்பாடு கிடைச்சால் நான் இஞ்சை நிலைச்சிடுவன். கிடைக்காட்டி போறன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அந்த விழாவை நடத்துவது சனசமூக நிலையம். சுற்றுவட்டாரக் கழகங்கள் எல்லாம் வரும், வந்தவர்கள் எல்லாருக்கும் மத்தியானச் சாப்பாடு உண்டு. நிர்வாக சபையில் இருக்கிற இளம் ஆட்கள் சுபாஜினியிடமே கொடுப்போம் என்றார்கள். தலைவர் ஓம் என்றால் சரி.

தைப்பொங்கல் விழாவன்று இவர் மைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் இவருக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். நடராசா அண்ணை மைக் மேசைக்குப் பக்கத்தில் வந்து, என்னைக் காணாமல், இவரிடம் சொன்னார்.

"பிள்ளை நல்லாச் சமைக்குமாம், கேள்விப்பட்டனான். எனக்கு ஒண்டுமில்லைத் தம்பி. ஆனால் சனம் சாப்பிடாது. சமைச்சது மிஞ்சிக் கிடந்தால் பிள்ளைக்குத்தானே அவமானம். சமையலை வெளியூர் ஆக்களிட்டைக் குடுப்பம். நீ வழமை போல மைக்கைக் கட்டு."

"பிறகு கதைப்பம் அண்ணை" என்று சொல்லிவிட்டு இவர் மைதானத்தின் மற்றக் கரையில் இரைந்துகொண்டிருந்த ஒரு குழாயைப் பார்க்கப் போய்விட்டார். மகளின் வாழ்க்கை போகிறது, இந்த மனிதர் குழாய் பார்க்கப் போகிறார். மேசையில் மைக் கிடந்தது. பெட்டியில் சிவப்பு லைற் எரிந்துகொண்டிருந்தது. நான் சாப்பாட்டுக் கரியரைக் கீழே வைத்துவிட்டு மைக்கை எடுத்தேன்.

"ஹலோ" என்றேன்.

நாலு மரத்திலிருந்தும் என் குரல் வந்தது. பொங்கல் பானையைச் சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். நடராசா அண்ணை என்னைக் கண்டார். தான் சொன்னதை நான் கேட்டுவிட்டேன் என்று அவருக்கும் விளங்கிவிட்டது. என் வாயில் ஒரு பெரிய பேச்சே தயாராக இருந்தது. அவர் குடித்த ஒவ்வொரு சோடாவையும் ஊருக்கு முன்னால் எண்ணிக் காட்டுகிற பேச்சு.

இவர் ஓடி வந்தார் என்று நினைக்காதீர்கள், நடந்துதான் வந்தார். மைக்கைப் பறிக்கவில்லை. மைக்கின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

"நீர் கதையும். உமக்கு உரிமை இருக்கு. ஆனால் ஒண்டை யோசியும். இப்ப சொன்னால் அவர் ஊருக்குப் பதில் சொல்லவேணும். ஊருக்கு முன்னாலை நிண்டுகொண்டு 'ஓம், நான் செய்தது பிழை' எண்டு ஒரு மனிசன் சொன்னதை, நான் மைக் கட்டின ஒரு இடத்திலையும் கேட்டதில்லை. எனக்குக் கொஞ்சக் காலம் தாரும்."

"எவ்வளவு காலம்?"

"பங்குனி முடியும் மட்டும். அதுக்குள்ளை சரிவராட்டி நானே மைக்கைக் கட்டி, சத்தத்தையும் கூட்டி, உம்மடை கையிலை தாறன்."

இவர் எனக்குச் சொன்ன ஆக நீளமான பேச்சு அதுதான். நான் மைக்கை வைத்துவிட்டேன். "மைக் வேலை செய்யுது" என்று யாரோ தூரத்திலிருந்து கை காட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து மிச்சச் சண்டையைப் பிடித்தோம். என் தங்கச்சியின் மகன் ஜெயசுதனும் அங்கே நின்றான். "பெரியம்மா, எனக்குச் சொல்லுங்கோ. ஒரு வீடியோ போட்டனெண்டால் கனடாவிலை இருந்து இறங்குவினம்" என்றான். அவன் அதைச் செய்துகாட்டியவன். சந்தித் தேத்தண்ணிக் கடையில் எங்கள் ஆட்களுக்குக் கடதாசிக் கோப்பையும் மற்றவர்களுக்குக் கண்ணாடிக் கிளாஸும் கொடுப்பதை ஒளித்து நின்று படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டான். லண்டன், ரொறன்ரோ, பாரிஸ் எல்லாம் திரண்டு வந்து அந்தக் கடைக்காரரைத் திட்டித் தீர்த்தன. அடுத்த நாள் எல்லாருக்கும் கண்ணாடிக் கிளாஸ்.

"கிளாஸ் மாறினது. ஆள் மாறேல்லை" என்றார் இவர். "அண்டைக்குத் தொடங்கி அவர் எங்கடை ஆக்களைக் கண்டால் முகத்தைத் திருப்புறார்."

"எனக்கு அவரின்ரை முகம் தேவையில்லை. கிளாஸ் மாறினதே காணும்" என்றேன் நான். இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன். "அதோடை, அவையைத் திருத்துறது எங்கடை வேலையே? அவை சோடாக் குடிக்கிறதும், நாங்கள் பக்கத்திலை இருந்து பாடம் எடுக்கிறதுமே?"

இவர் கொஞ்சம் யோசித்தார். "எங்கடை வேலை இல்லைத்தான். ஆனால் பிள்ளை போகக்கூடாது எண்டது என்ரை ஆசை. அதுக்காக வேலை செய்யிறன்" என்றார்.

பிறகு இவர் செய்த வேலை என்ன தெரியுமா? சனத்தைத் தேடிப் போனார். சனம் சாப்பிடாது என்று தலைவர் சொன்னார் அல்லவா, அந்தச் சனம் யார் என்று கண்டுபிடித்து ஒவ்வொருவராகக் கதைக்கப் போகிறாராம். பின்னேரங்களில் பழுதான றேடியோ திருத்துகிற சாட்டில், சோடாக்காரர்கள் இருக்கிற மேற்கு வீதிப் பக்கம் போவார். வந்து எனக்குச் சொல்வார். முதலில் எனக்கு எரிச்சல் வந்தது. பிறகு பின்னேரம் எப்போது வரும் என்று காத்திருக்கத் தொடங்கினேன். நாடகம் போல இருந்தது.

ஓய்வுபெற்ற கிராம சேவகர் கந்தப்பு சொன்னாராம்: "எனக்கு ஒண்டுமில்லைத் தம்பி. கொழும்பிலை நான் சாப்பிடாத கடையோ? ஆனால் எங்கடை மேற்கு வளவு மகாதேவியக்கா இருக்கிறா, அவவின்ரை ஆக்கள் ஒருநாளும் சாப்பிடாயினம்." இவர் மகாதேவியக்கா வீட்டுக்குப் போனார். அவ சொன்னாவாம்: "எனக்கு என்ன வந்தது? வடிவாச் சமைச்சிருந்தால் ஆர் சமைச்சாலும் சாப்பிடுவன். உவர் கந்தப்பர்தான் குழப்புவார்." அடுத்த வீட்டு மனிதருக்கும் ஒன்றுமில்லை, அவருடைய மனைவியின் ஆட்களுக்குத்தான். மனைவியிடம் கேட்டால் அவவுக்கும் ஒன்றுமில்லை, புருசனின் ஆட்களுக்குத்தான். இரண்டு பேரும் ஒரே விறாந்தையில் இருந்துகொண்டு சொன்னார்களாம்.

ஒரே ஒருவர் மட்டும் வாசல் படலையைத் திறக்காமலே, "நான் சாப்பிடன். எண்டைக்கும் சாப்பிடன்" என்று சொன்னார். இவர் அன்றைக்குச் சந்தோசமாக வீட்டுக்கு வந்தார். "ஒரு ஆளாவது உண்மை சொன்னார்" என்றார்.

"அவரை என்னெண்டு மாத்தப்போறியள்?"

"மாத்த ஏலாது. அவருக்கு ஒரு சாப்பாடு குறையச் சமைச்சால் சரி."

இதற்கிடையில் நடராசா அண்ணையின் மனைவி பத்மாவதியக்கா என் கடைக்கு வந்தா. நான் தைத்த சட்டை அவவின் உடம்பில் ஏறும், நான் ஊற்றிய தேத்தண்ணி மட்டும் இறங்காது. அளவு கொடுத்துக்கொண்டே அழாக்குறையாகச் சொன்னா.

"இந்த மனிசன்ரை சீனி வருத்தம் குறையுதில்லைப் பிள்ளை. சோத்தைக் குறைச்சாச்சு. தேத்தண்ணிக்குச் சீனியை நிப்பாட்டியாச்சு. கிளினிக்குக்குப் போனால் டொக்டர் என்னை ஏசுறா. எங்கையோ ஒளிச்சு லட்டுத் தின்னுறார் போலை."

நான் அளவு நாடாவைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன். லட்டு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். விளையாட்டு விழாவுக்குக் காசு சேர்க்க நடராசா அண்ணை மாசிமாதம் முழுக்க எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக ஏறி இறங்கினார். ஏறின வீடெல்லாம் சோடா. தோடம்பழச் சோடா, கறுப்புச் சோடா, பச்சைச் சோடா, எல்லாம் சீனித் தண்ணீர். ஒரு வீட்டில் குடித்து அடுத்த வீட்டில் குடிக்காவிட்டால் அந்த வீட்டார் குறை நினைப்பார்கள் என்று எல்லா வீட்டிலும் குடித்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து இதை இவருக்குச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. "பாவம்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பாவமாம்.

பங்குனி கடைசியில் நடராசா அண்ணை விழாவுக்கு மைக் கட்டுவதைப் பற்றிப் பேச எங்கள் வீட்டுக்கு வந்தார். வெயிலில் சைக்கிளில் வந்த களைப்பு. முகம் வாடியிருந்தது. நான் வேண்டுமென்றே பிரிட்ஜில் இருந்ததிலேயே பெரிய தோடம்பழச் சோடாவை எடுத்துக்கொண்டு போய், அவருக்கு முன்னால் நின்று 'டிஸ்' என்று திறந்தேன். அவர் கை நீட்ட, இடையில் இவர் போத்தலை வாங்கித் தன் பக்கத்தில் வைத்தார்.

"அண்ணை, உது உங்களுக்கு நஞ்சு. அக்கா கௌரியின்ரை கடையிலை வந்து கவலைப்பட்டவவாம்."

நடராசா அண்ணை போத்தலைப் பார்த்தார். "தெரியும் தம்பி. ஆனால் வந்த வீட்டிலை ஒண்டும் வாயிலை வைக்காமல் எழும்பிப் போறது மரியாதை இல்லைத்தானே" என்றார்.

அந்த மனிதர் மரியாதைக்காக நஞ்சு குடித்திருக்கிறார். எங்கள் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்தால் அந்த மரியாதையும் கிடைத்திருக்கும், சீனியும் ஏறியிராது. அது அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. நான் குசினிக்குள் போய், சுபாஜினிக்குப் பக்கத்தில் கதவோடு நின்றுகொண்டேன்.

"சனம் சாப்பிடாது எண்டு சொன்னனீங்கள் அண்ணை. நான் சனத்தைத் தேடிப் போனன்" என்று இவர் தொடங்கினார். குரல் எழவில்லை, நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். "கந்தப்பர் மகாதேவியக்காவைச் சொன்னார். மகாதேவியக்கா கந்தப்பரைச் சொன்னா. ஒருத்தர் மட்டும் தான் சாப்பிடன் எண்டார். மற்ற எல்லாரும் கடைசியிலை உங்களைத்தான் காட்டிச்சினம். தலைவர் இருந்தால் நாங்களும் இருப்பம் எண்டு. இனிச் சனம் எண்டால் நீங்கள்தான் மிச்சம்."

கதிரை கிறீச்சிட்டது.

"ஒண்டு சொன்னால் கோவிக்கக்கூடாது" என்றார் நடராசா அண்ணை.

"கோவிக்கன். சொல்லுங்கோ."

"மனம் எப்பவோ ஓம் எண்டிட்டுதுத் தம்பி. கைதான் போகுதில்லை. சின்னனிலை இருந்து அப்பிடிப் பழக்கிப்போட்டினம். என்னாலை ஏலாமல் கிடக்கு. எனக்கே வெக்கமாத்தான் இருக்கு."

இவ்வளவு காலமும் எங்களுக்கு எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்க எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கதவைத் தள்ளவும் போனேன். அதற்குள் இவருடைய குரல் கேட்டது.

"கை போகாட்டி, கரண்டி தரட்டே அண்ணை?"

இவர் பகிடிக்குச் சொல்லவில்லை. இவருக்குப் பகிடி வராது. எந்த வயர் வேண்டும் என்று கேட்கிற மாதிரி உண்மையாகவே கேட்டார். எனக்கு அடக்க முடியவில்லை, கதவுக்குப் பின்னால் நின்று சிரித்துவிட்டேன். சுபாஜினியும் சிரித்தாள். நாங்கள் ஒட்டுக்கேட்டது தெரிந்து நடராசா அண்ணை திகைத்தார். பிறகு அவரும் தொடங்கினார். இருமல் வரும்வரை சிரித்தார். இவர் மட்டும் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுபாஜினி ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் குரக்கன் புட்டும் முருங்கையிலை வறையும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுபோய் வைத்தாள். பக்கத்தில் ஒரு கரண்டி.

"மாமா, உங்கடை சீனி வருத்தத்துக்கு ஏத்த சாப்பாடு. ஏலுமெண்டால் சாப்பிடுங்கோ. ஏலாட்டி நான் கோவிக்கன்" என்றாள்.

நடராசா அண்ணை கரண்டியை எடுத்தார். புட்டைக் குழம்போடு கரண்டியால் சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சரிவராது. முதல் வாய் பாதி வேட்டியில் கொட்டுண்டது. இரண்டாவதும் கொட்டுண்டது. மூன்றாவதுக்கு அவர் கரண்டியைக் கோப்பையின் ஓரத்தில் வைத்துவிட்டு, செம்புத் தண்ணீரில் கையைக் கழுவி, குழைத்துச் சாப்பிட்டார். இவர் அந்தச் சோடாவை எடுத்துத் தான் குடித்தார்.

முடிக்கப்போகையில் நடராசா அண்ணை நிமிர்ந்து, "குழம்புக்கு உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சுப் பிள்ளை" என்றார்.

நான் குசினிக்குள் திரும்பிப் போய், முந்தானையை முகத்தில் வைத்து அழுதேன். சோடா குடித்தவர்கள் ஒருநாளும் எங்கள் வீட்டில் குறை சொன்னதில்லை. அவர்களில் ஒருவர் எங்கள் குழம்புக்கு உப்புக் கூட என்று சொல்ல, இவ்வளவு காலம் சென்றிருக்கிறது. உப்பு உண்மையில் கூடத்தான். கவலையில் நான்தான் இரண்டாம் தரமும் போட்டிருக்கிறேன்.

தலைவர் ஓம் என்றுவிட, சித்திரை விழாவில் சுபாஜினியின் சாப்பாடு. நடராசா அண்ணை முதல் பந்தியில் நடுவில் இருந்தார், பக்கத்தில் பத்மாவதியக்கா. கந்தப்பரும் மகாதேவியக்காவும் எதிரெதிரே இருந்து, முதலில் மற்றவர் கை வைக்கட்டும் என்று ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள். பிறகு இரண்டு பேருமே இரண்டாம் தரம் சோறு கேட்டார்கள். படலை திறக்காத மனிதர் வரவில்லை. அவர் கணக்கைக் கழித்துத்தான் சமைத்திருந்தோம், ஆனாலும் பந்தி முடியச் சட்டி காலி. கட்டாருக்கு வரவில்லை என்று சுபாஜினி, தலைவர் ஓம் என்ற அன்றைக்கே, பங்குனி முடிய முதல், பதில் போட்டிருந்தாள்.

கை கழுவுகிற குழாயடியில் நடராசா அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, பொங்கல் விழாவண்டைக்கு மைக்கிலை 'ஹலோ' எண்டிட்டு நிப்பாட்டினனீ. மிச்சம் என்ன?"

"என்ன மிச்சம் அண்ணை?"

"நீ சொல்ல வந்தது. நீ சொல்லியிருந்தாயெண்டால் நானும் திருப்பி ஏதும் சொல்லியிருப்பன், அதோடை முடிஞ்சிருக்கும். நீ சொல்லேல்லை. என்ன சொல்ல வந்திருப்பாய் எண்டு நானே ஒவ்வொரு விதமாச் சொல்லிப் பாத்தன். எனக்குப் பொங்கலிலை இருந்து வடிவா நித்திரை இல்லை. எப்பிடிச் சொல்லிப் பாத்தாலும் அது உண்மையாத்தான் கிடந்தது."

நான் நேரே இவரிடம் போனேன். இவர் வயர் சுற்றிக்கொண்டிருந்தார். "கேட்டியளே? உங்கடை கதையாலை இல்லை. என்ரை ஹலோவாலைதான் மனிசன் மாறினது" என்றேன்.

"ஓம்" என்றார். இந்த மனிதரோடு சண்டை பிடிக்கவும் முடியாது. "ஆனால் நிப்பாட்டினபடியால்தான்" என்று வயருக்குச் சொன்னார். எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு விழாக்களில் மைக்கைச் சோதிக்கிற வேலையை இவர் என்னிடம் தந்துவிட்டார். நான் "ஹலோ" என்று சொல்லிவிட்டு வேண்டுமென்றே கொஞ்சம் நிறுத்துவேன். முன்வரிசையில் நடராசா அண்ணை கதிரையில் நிமிர்ந்து இருப்பார், பிறகு தனக்குள் சிரிப்பார். வேறும் இரண்டு மூன்று பேர் நிமிர்வார்கள், அவர்கள் சிரிக்க மாட்டார்கள். அவர்கள் எங்கள் வீட்டில் இன்னும் சோடாதான் குடிக்கிறார்கள். அவர்களை நன்றாக ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் "மைக் ரெஸ்ரிங்" என்பேன்.